ஓதம் ஏறிய வீடும் ஆத்தங்குடித் தரையும்

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் மழைக்காலம் முடிந்ததும் சுவரடியில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருக்கும். அதைக் கண்டு பதறித் தரையைப் பெயர்த்துவிடக் கூடாது. அதில் பதித்த ஆத்தங்குடிக் கல் சூளையைக் காணாதது. கண்ணாடியின்மேல் கையால் வண்ணக் கலவை ஊற்றி, மணலும் சிமென்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து இறுக்கியது. கண்ணாடி தந்த அந்த வழவழப்பு, கால் படப்பட இன்னும் கூடும்.

முதலில் ஈரம் வரும் வழியைத் தேட வேண்டும்: ஒழுகும் ஓடு, அடைத்துக்கொண்ட முற்றத்துத் தூம்பு, சுவரோரம் தேங்கும் தண்ணீர். பிறகு சுவரைப் பூசும்போது கவனம் வேண்டும்: சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். சுண்ணாம்புக் காரையோ வெளியே விடும். பூத்த உப்பை உலர்ந்த துடைப்பத்தால் தள்ளினால் போதும். அமிலம் பட்டால் நிறம் போய்விடும். எல்லாம் காய்ந்தபின் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். பாட்டி நடந்த தரையில் வண்ணப் பூக்கள் மறுபடி மலரும்.