ஓஹோ புரொடக்‌ஷன்ஸுக்குக் காசு கொடுக்காதவர்

சேரன்மகாதேவியில் எங்கள் பூர்வீக வீட்டு மச்சில் ஒரு தகரப்பெட்டி கிடந்தது. உள்ளே கட்டுக்கட்டாக லெட்டர்பேட். தாளின் மேலே சிவப்பு எழுத்தில் ஒரு சினிமாக் கம்பெனியின் பெயர், கீழே சென்னை விலாசம், ஓரத்தில் கோபுரம் போட்ட முத்திரை. கம்பெனி எங்கள் சித்தப்பாவுடையது. அது ஒரு படமும் எடுக்கவில்லை. நான் பதினாறாம் வாய்ப்பாடு வரை எழுதிப் பழகியது அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான்.

அதனால் ‘காதலிக்க நேரமில்லை’யை ஊர் பார்ப்பதுபோல என்னால் பார்க்க முடிந்ததில்லை. ஸ்ரீதர் இயக்கி 1964இல் வந்த படம். ஈஸ்ட்மென் கலர், வின்சென்டின் கேமரா, விஸ்வநாதன் – ராமமூர்த்தியின் பாட்டு, ஆழியாறு, ரவிச்சந்திரனின் உற்சாகம். இளமைத் துள்ளலான காதல் படம் என்று அதைச் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். செல்லப்பா பேய்க்கதை சொல்லும் காட்சி மட்டும் தனியே கழன்று வந்து, போனுக்குப் போன் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கென்னவோ அந்தக் கழன்று வந்த துண்டுதான் படத்தின் நடு என்று தோன்றுகிறது. தமிழ் சினிமா தன்னையே கிண்டல் செய்துகொண்ட படங்களில் இன்னும் நிறம் மங்காத ஒன்று இது. காரணம், இதன் கிண்டல் சினிமாவைப் பற்றியதே அல்ல. சினிமாவுக்குத் துட்டு போடுகிறவனைப் பற்றியது.

நாகேஷின் செல்லப்பாவிடம் என்னவெல்லாம் இருக்கிறது என்று ஒரு கணக்கு எடுத்துப் பாருங்கள். கம்பெனிக்குப் பெயர் இருக்கிறது, ஓஹோ புரொடக்‌ஷன்ஸ். டைரக்டர் இருக்கிறார், அவரேதான். கதாநாயகியும் கிடைத்துவிடுகிறாள், எஸ்டேட் மேனேஜரின் மகள், சச்சு நடித்த மீனலோசனி. இல்லாதது இரண்டே இரண்டு. ஒன்று பணம், இன்னொன்று கதை. பணம் அப்பாவிடம் இருக்கிறது. கதை யாரிடமும் இல்லை. கோடம்பாக்கத்தில் ஒரு படம் தொடங்கும் வரிசை பல நேரம் இதுதான். முதலில் பெயர்ப்பலகை, பிறகு லெட்டர்பேட், லாட்ஜில் ரூம், ‘ஸ்டோரி டிஸ்கஷன்’ என்ற பெயரில் பத்துப் பேருக்கு டிபன், பூஜை, பேப்பரில் விளம்பரம். கதை கடைசியில் வந்தால் உண்டு. இதையெல்லாம் காட்ட ஸ்ரீதருக்கும் வசனத்தில் கூட இருந்த சித்ராலயா கோபுவுக்கும் ஒரு ஸ்டூடியோ செட்கூடத் தேவைப்படவில்லை. ஒரு பணக்கார அப்பா, ஒரு மகன், போதும். ஸ்ரீதரே ‘தேன் நிலவு’ (1961) மூலம் சொந்தமாக சித்ராலயா கம்பெனியைத் தொடங்கியவர். பெயர்ப்பலகை மாட்டும் ஆசை என்னவென்று அவருக்குத் தெரியாதா?

அந்தக் காட்சிக்கு வருவோம். மகன் கதை சொல்கிறான், அப்பா கேட்கிறார். கவனித்துப் பார்த்தால் அந்தக் கதையில் கதையே கிடையாது. இருட்டு இருக்கிறது, சத்தம் இருக்கிறது, பயம் இருக்கிறது. யார், எதற்காக, பிறகு என்ன ஆனது என்பது ஒன்றும் இல்லை. எல்லாமே நாகேஷின் தொண்டையிலிருந்தும் விரல்களிலிருந்தும் வருகிறது. எங்கள் ஆச்சி டிவியில் பார்த்துக்கொண்டே கேட்பாள்: “எல, அவன் கத சொல்லுதானா, பேய் ஓட்டுதானா?” சரியான விமர்சனம். ஆள் இல்லாத கதையைச் சத்தத்தால் நிரப்பி விற்கும் வித்தையை இன்றைக்கும் பெரிய பட்ஜெட்டில் பார்க்கிறோம்தானே.

எல்லாரும் நாகேஷைப் புகழ்கிறோம். புகழ வேண்டியதுதான். ஆனால் காட்சியைத் தூக்கி நிறுத்துகிறவர் பாலையா. அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்துச் சுண்டங்கோட்டைக்காரர், நம்ம பக்கத்து ஆள். ‘சதிலீலாவதி’ (1936) காலத்திலிருந்து நடித்து வந்தவர். இந்தக் காட்சியில் அவருக்குக் கேட்பதைத் தவிர வேலையே இல்லை. முதலில் இவன் என்ன உளறப்போகிறான் என்ற அலட்சியம். பிறகு கண் விரிகிறது. பிறகு உடம்பு நாற்காலிக்குள் ஒடுங்குகிறது. கதை கேட்கும் தயாரிப்பாளர் எப்படி இருப்பார் என்று இதைவிடச் சரியாக யாரும் நடித்துக் காட்டியதாக எனக்கு நினைவில்லை. ரசனைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. பயந்தார் என்றால் கதை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். 1966இல் இந்தியில் ‘பியார் கியே ஜா’வாகப் போனபோது மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் இதே காட்சியைச் செய்தார்கள். கம்பெனி வாஹ் வாஹ் புரொடக்‌ஷன்ஸ் ஆயிற்று. மொழி மாறியும் சிரிப்பு குறையவில்லை. துட்டு உள்ளவன் முன்னால் கதை சொல்லித் தொண்டை வறள்வது எல்லா மொழிக்கும் பொதுதான் போலிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையைப் பலரும் கவனிப்பதில்லை. அந்த பங்களாவில் உண்மையில் ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் அதை எடுப்பவன் செல்லப்பா இல்லை. வேலையிலிருந்து விரட்டப்பட்ட அசோக், தான் கோடீஸ்வரனின் மகன் என்று ஒரு கதை கட்டுகிறான். நண்பன் வாசு, அதாவது முத்துராமன், தாடியும் மேக்கப்புமாகப் பெரிய மனுஷர் சிதம்பரம் ஆகி வந்து உட்காருகிறான். கதை, மேக்கப், வசனம், நடிப்பு, எல்லாம் கச்சிதம். பார்வையாளர் ஒருவரே, பாலையா. அவர் முழுசாக நம்பிவிடுகிறார். சொந்த மகன் சினிமா எடுக்கக் கேட்டால் கையை விரிக்கிறவர், கண்ணெதிரே ஓடும் நாடகத்துக்கு மகளையே கொடுக்கத் தயாராகிறார். ஏன்? அந்தக் கதையில் அவருக்கு லாபம் இருக்கிறது, சம்பந்தி கோடீஸ்வரர். முதலாளிக்குப் பிடித்த கதை எது என்ற கேள்விக்கு இந்தப் படம் சொல்லும் பதில் கொஞ்சம் கசப்பானது. பேயால் அவரை நடுங்கவைக்க முடியும். காசை எடுக்கவைக்க, அவர் காசு பெருகும் கதையைச் சொல்ல வேண்டும்.

சி.எஸ். அமுதனின் ‘தமிழ்ப் படம்’ (2010) எனக்குப் பிடித்த படம்தான். ஆனால் அது கிண்டல் செய்வது திரையில் தெரிவதை, ஹீரோ அறிமுகத்தை, ஒரே பாட்டில் பணக்காரன் ஆவதை. அந்தக் காட்சிகளெல்லாம் வழக்கொழிந்தால் அந்தச் சிரிப்பும் கொஞ்சம் கொஞ்சமாய் வழக்கொழியும். ‘ஓஹோ’ கைவைத்தது திரைக்குப் பின்னால். அங்கே எதுவும் மாறவில்லை.

ஆனாலும் இந்தப் படத்தோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. செல்லப்பா தோற்றால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. சாப்பாட்டு நேரத்துக்கு பங்களாவுக்குள் போய்விடுவான். அவனுடைய சினிமாப் பைத்தியம் ஒரு பணக்காரப் பிள்ளையின் விளையாட்டு. விலை என்று ஒன்று அதில் இல்லை. அதே 1964இல், அதே நாகேஷ், கிருஷ்ணன் – பஞ்சுவின் ‘சர்வர் சுந்தர’த்தில் ஓட்டலில் தட்டு தூக்குகிறவனாக வந்து நட்சத்திரமாகிறார். அங்கே படப்பிடிப்புத் தளம் இருக்கிறது, பாட்டுப் பதிவு இருக்கிறது, புகழ் வந்த பிறகும் கிடைக்காமல் போகிற காதலும் இருக்கிறது. பாலசந்தர் எழுதிய அந்தக் கதை விலையைச் சொல்லிவிடுகிறது. ஸ்ரீதர் சொல்லவில்லை.

விலையைப் பற்றி எங்கள் ஊரில் பேச்சு வந்தால் புதுமைப்பித்தன் பெயர் வராமல் இருக்காது. வண்ணார்பேட்டையிலிருந்து போன மனிதர். ஜெமினியின் ‘அவ்வையா’ருக்கு எழுதினார், ‘காமவல்லி’க்கு எழுதினார். பிறகு அவரும் ஒரு கம்பெனி தொடங்கினார், பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ். குற்றாலக் குறவஞ்சியை வைத்து ‘வசந்தவல்லி’ என்று ஒரு படம் எடுக்கப் பார்த்தார். நடக்கவில்லை. செல்லப்பாவுக்கு இல்லாதது இவரிடம் கொட்டிக்கிடந்தது, கதை. பணம்தான் இல்லை. பாகவதரின் ‘ராஜமுக்தி’க்கு எழுதப் புனே போனவரைக் காசநோய் பிடித்தது. 1948இல், 42 வயதில் போய்ச் சேர்ந்தார். ‘கண்மணி கமலாவுக்கு’ என்று தொகுக்கப்பட்ட கடிதங்களைப் படித்தவர்களுக்கு, மனைவியைப் பிரிந்து பிழைப்புக்காக அலைந்த அந்த வாழ்க்கை தெரிந்திருக்கும். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுளே ஆடிக் காட்டியும் பெரிய மனிதருக்கு ஆட்டம் பிடிக்காமல் போகிறதே, அதை எழுதியவருக்குப் பாலையாக்களைப் பற்றித் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்துதான் போனார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இப்போது சித்தப்பாவை முடித்துவிடுகிறேன். அவருடைய கம்பெனிக்கு முதல் போட்டது, கன்னடியன் கால் பாசனத்தில் காரும் பிசானமும் விளைந்த ஒரு கோட்டை விதைப்பாடு வயல். தாத்தா பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மகன்மேல் அவ்வளவு உயிர். ‘என்ன கதைடே?’ என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் சித்தப்பா தகரப்பெட்டியோடு திரும்பி வந்தார். பிறகு கடைசிவரை பேட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதினார். மகன் கேட்டதை மறுக்காத தகப்பன் என்று தாத்தாவை ஊரே மெச்சியது. நாங்களும் மெச்சினோம்.

ஒரு பொங்கலுக்கு எல்லாரும் உட்கார்ந்து டிவியில் இந்தப் படத்தைப் பார்த்தோம். பேய்க்கதை வந்ததும் அம்மா என்னைப் பார்த்தாள், நான் சித்தப்பாவைப் பார்த்தேன். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ எங்கள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, “நாகேஷ விடுங்கடே, பாலையாவப் பாருங்க. எம்புட்டு நல்ல அப்பன்! பயந்து நடுங்கியும் துட்டு தரமாட்டேன்னு சொல்லிட்டாம்லா” என்றார்.

பல வருஷம் கழித்துத்தான் எனக்கு அது உறைத்தது. கஞ்சன், ரசனை கெட்டவர், பணத்தாசை பிடித்தவர் என்று நாம் சிரிக்கும் அந்த ஆள்தான் செல்லப்பாவைக் காப்பாற்றியவர். ஸ்ரீதர் விலையைச் சொல்லவில்லை என்று மேலே வழக்குப் போட்டேன். வழக்கை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அந்த விலையை யாரோ ஒருவர் கொடுக்க மறுத்ததால்தான் அந்தப் படத்தில் எல்லாராலும் கடைசிவரை சிரித்துக்கொண்டிருக்க முடிகிறது என்பதைப் பார்த்தவர் எங்கள் வீட்டில் சித்தப்பா ஒருவர்தான். அந்தப் பொங்கலன்று தாத்தாவும் அதே தார்சாவில்தான் இருந்தார். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கினாரா என்று தெரியாது.