ஹபியானின் இரு கண்டன நூல்கள்

ஜப்பானியர் சமயப்பற்று இல்லாதவர் என்பது பலராலும் ஆராயாது கூறப்படுவதொன்று. அந்நாட்டார் புத்தாண்டு பிறந்தவுடன் ஷிந்தோ ஆலயத்திற்குத் திரள்திரளாகச் செல்வர். பிறந்த மகவை அங்கே கொண்டுபோய்க் காட்டுவர். மணத்தைக் கிறித்தவக் கோயில்போற் சமைத்த மண்டபத்தில் நிகழ்த்துவார் பலர். உயிர் நீங்கின் பௌத்த குருவை அழைப்பர். இவ்வளவும் செய்பவரை அணுகி 'நும் சமயம் யாது?' என வினவின், 'எமக்குச் சமயமில்லை' என்பர். அரசின் பண்பாட்டுத் துறையார் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கிலோ, சமயத்தார் தொகை நாட்டு மக்கட்டொகையினும் மிகுந்து காணப்படும். ஒருவரே ஷிந்தோவிலும் பௌத்தத்திலும் எண்ணப்படுதலின் என்க. கிறித்தவராய் எண்ணப்படுவோர் நூற்றுக்கு ஒருவர் அளவினரே.

இம்முரண் சொல்லால் விளைந்தது ஒருபாதி. சமயம் என்னும் பொருளில் இக்காலத்து அவர் வழங்கும் 'ஷூக்யோ' என்னுஞ் சொல், மேனாட்டார் சொல்லுக்கு ஈடாக 19-ஆம் நூற்றாண்டில் பொதுவழக்கிற்கு வந்தது. ஒரு கொள்கையை ஏற்று ஒரு சபையிற் பெயர் பதிந்து நிற்றலையே அச்சொல் அவர் செவிக்கு உணர்த்துகின்றது. ஆதலின் அஃது எமக்கில்லை என்பார், முன்னோரை வழிபடுதலும் தெய்வத்தை அஞ்சுதலும் எமக்கில்லை என்றாரல்லர்.

மற்றைப் பாதியை விளக்கப் புகுந்தார் இருவர் கருத்து ஈண்டு நோக்கற்பாலன. கத்தோலிக்கராகிய எண்டோ சூசாகு என்பார் 1966-ல் வெளியிட்ட 'சின்மோக்கு' (மௌனம்) என்னும் புதினத்தில், ஜப்பான் ஒரு சேற்றுநிலம். அதில் நடப்பட்ட அயற்சமயக் கன்று வேரழுகும் என்னுங் கருத்தைக் கதைமாந்தர் வாயில் வைத்துக் கூறினர். யமமோட்டோ ஷிச்சிஹெய் என்பார், ஜப்பானியர் எச்சமயத்துட் புகினும் உள்ளே 'ஜப்பான் மதம்' ஒன்றனையே உடையரென்றும், அம்மதத்தின் முதல்வன் ஃபுகன்சாய் ஹபியான் என்பவனே என்றும் எழுதினர். ஒரு நாட்டு மக்கள் இயல்பு இன்னதென முடிவுகட்டுதற்கு ஒருவனைச் சான்று காட்டுவராயின், அவன் நூல்களை நாமும் ஒருமுறை பார்த்தல் வேண்டுமன்றோ?

ஹபியான் 1565-ஆம் ஆண்டளவிற் பிறந்தவன். இளமையில் ஜென் மடத்திற் பயின்று, பின் கிறித்தவனாகி, 1586-ல் இயேசு சபையிற் சேர்ந்தான். குருப்பட்டம் பெற்றானல்லன், சகோதரன் என்னும் நிலையிலேயே நின்றான். 1592-ல் 'ஹெய்கே' வரலாற்றைப் பேச்சு வழக்கிலே சுருக்கி, மேனாட்டுக் குருமார் மொழி பயிலும்பொருட்டு உரோம எழுத்திற் பதிப்பித்துதவினான். 1605-ல் 'மியோதெய் மோந்தோ' என்னும் நூலியற்றிக் கிறித்தவத்தை நிலைநாட்டினான். 1606-ல் கியோத்தோ நகரில் ஹயாஷி ராசன் என்னும் கன்பூசியப் புலவன் இவனைக் கண்டு வாதிட்டபோது, நிலம் உருண்டை வடிவினது என்றான் இவன். அதனை இகழ்ந்தான் அப்புலவன். 1608-ல் சபையைவிட்டு நீங்கினான். ஒரு பெண்ணோடு நீங்கினான் எனச் சபையார் குறித்தனர். அஃது எங்ஙனமாயினுமாகுக, ஆசிரியன் ஒழுக்கங்கொண்டு நூலைத் தள்ளுதல் ஆராய்ச்சி நெறியன்று. 1620-ல் 'ஹா தாயுசு', அஃதாவது தேவுசு மறுப்பு என்னும் சிறுநூலை எழுதித் தான் நிறுவிய கிறித்தவத்தைத் தானே மறுத்து, மறு ஆண்டில் இறந்தான்.

இந்நூற்பெயரில் நிற்கும் 'தேவுசு' என்னுஞ் சொல்லின் வரலாறு நம்மனோர் அறியவேண்டுவது. நம் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணிசெய்த பிரான்சிசு சவேரியாரே 1549-ல் ககோஷிமாவிற் கரையிறங்கினவர். அவருக்குத் துணைவந்த அஞ்சிரோ என்னும் ஜப்பானியன் பௌத்த நூற்பயிற்சி நிரம்பாதவன். கடவுளுக்குத் 'தைநிச்சி' என்னும் பெயரை எடுத்துக்கொடுத்தான். தைநிச்சியாவார் ஷிங்கோன் பிரிவினர் வழிபடும் மகாவைரோசன புத்தர். எனவே அப்பிரிவுத் துறவிகள், தம் கொள்கையையே கூறவந்தாரெனச் சவேரியாரை மகிழ்ந்து வரவேற்றனர். பிழையை 1551-ல் உணர்ந்த அவர், தைநிச்சியை வணங்கற்க எனத் தெருவிற் சாற்றுவித்து, இலத்தீன் மொழியின் 'தேவுசு' என்பதனையே வழங்கலாயினர். எதிரிகள் விட்டாரல்லர், அச்சொல்லைத் 'தாய் உசோ', பெரும்பொய், எனத் திரித்து எள்ளினர். தமிழகத்திலோ அச்சபையாரே 1578-ல் கொல்லத்தில் அச்சிட்ட நூலுக்குத் 'தம்பிரான் வணக்கம்' எனப் பெயரிட்டனர். நம் மடங்களில் இன்றும் வழங்கும் சொல்லைத் தமிழில் எடுத்தாண்டவர், ஜப்பானில் ஒரு சொல்லை எடுத்துச் சுடப்பட்டு, அயற்சொல்லோடே அமைந்தனர். எழுபது ஆண்டு கழிந்தும் ஹபியான் மறுக்கப் புகுந்த கடவுளுக்கு அந்நாட்டு மொழியிற் பெயரில்லை.

இனி நூல்களுட் புகுவாம். 'மியோதெய் மோந்தோ' மியோஷூ, யூதெய் என்னும் மகளிர் இருவர் உரையாடல். முதற்பாகம் பௌத்தத்தையும், இரண்டாவது கன்பூசியத்தையும் ஷிந்தோவையும் மறுக்க, மூன்றாவது கிறித்தவத்தை நிறுவும். பௌத்தத்தின் பிரிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எல்லாம் இறுதியிற் சூனியத்திலே சென்று முடிதலைக் காட்டி, முடிபு பாழாயின் மறுமையிற் காப்பவர் யாவர் என வினவுகின்றான். சாக்கியமுனி மக்களுள் ஒருவராய்ப் பிறந்தவரெனவும், பிறரைக் கரையேற்றும் ஆற்றல் அவர்க்கு யாண்டையது எனவும் கேட்கின்றான். உள்ளே பயின்றவன் கூறும் மறுப்பாதலின் எறிந்த இடமெல்லாம் தைக்கின்றது. ஷிந்தோவைப்பற்றிக் கூறும் பகுதி அத்துணை ஆழமுடைத்தன்று. கிறித்தவத்தை நிறுவும் மூன்றாம் பாகமும் சுருங்கியதே. மறுக்கும்போது பெருகிய சொல் நிறுவும்போது குறைகின்றது. இதனை மனத்திற் கொள்க.

'ஹா தாயுசு' ஏழு படிகளாக நடக்கும். உலகைத் தோற்றுவித்தவன் ஒருவன் உளன் என்பது புதுமையன்று, பௌத்தத்தும் ஷிந்தோவினும் அதற்கு நேரான கூற்றுண்டு என்பது தொடக்கம். அறிவும் விருப்பும் உடைய கடவுள் விருப்புவெறுப்புக்கு உட்படுவன்; அவையற்ற சூனியமே உயர்ந்தது என்பது அடுத்து வருவது. முன்னைநூலில் எது குற்றமெனத் தள்ளப்பட்டதோ அதுவே பின்னைநூலில் குணமென எடுக்கப்படுதல் காண்க. இடைப்பட்ட பதினைந்தாண்டில் தன் கருத்து மாறியதற்குக் காரணம் கூறினானா எனின், இல்லை. முன் கூறிய நியாயம் இன்ன இடத்துப் பிழைத்தது எனக் காட்டாது, தட்டைமட்டும் மாற்றி நிறுத்தான்.

ஆயினும் நடுவிலுள்ள வினாக்கள் வலியுடையன. எல்லாம் அறிபவனாயின், வீழ்வான் என அறிந்தே தேவதூதருள் லூசிபெரைப் படைத்தது என்னை? தவறுவான் என அறிந்தே ஆதாமைப் படைத்து, ஒரு கனியின்பொருட்டு அவன் வழியினர் அனைவரையும் நரகிற்கு உரியராக்கியது என்னை? மீட்பான் உலகம் தோன்றி ஐயாயிரம் ஆண்டின் பின்னரே வந்தானெனின், இடையிற் பிறந்திறந்த எண்ணிலார்க்கு இரங்கினார் யார்? இவை உயிரைக் கடவுள் இல்பொருளினின்று புதிதாகப் படைத்தான் என்னுங் கொள்கைமேற் செல்லும் வினாக்கள். உயிரும் மலமும் அநாதி, முதல்வன் நிமித்த காரணன், பக்குவத்திற்கேற்பப் பிறவிதோறும் அருளுவன் எனக் கொள்ளும் நம்மவர்க்கு இவ்வினாக்கள் விடையிறுக்க இயலாதனவல்ல. கிறித்தவப் பேராசிரியரும் தந்நெறியில் விடை கூறியுள்ளனர். ஹபியானிடத்துக் குறை யாதெனின், வினவியபின் துன்பத்திற்கும் தீமைக்கும் தன் சமாதானம் இன்னதெனக் கூறாமையே. நம் அருணந்தி சிவாசாரியார் பரபக்கம் முடித்தவுடன் சுபக்கத்தை வைத்தது ஏன் என்பது, இந்நூலைப் படிப்பார்க்கு நன்கு விளங்கும். சுபக்கமில்லாத பரபக்கம், இருந்த வீட்டை இடித்து மழையில் நிறுத்துவதை ஒக்கும்.

ஏழாம் படியில் நூல் வேறொன்றாகின்றது. தேவுசை எல்லாவற்றினும் மேலாகக் கொள்க என்னும் முதற்கற்பனை, தலைவனையும் தந்தையையும் அவமதிக்கச் செய்வது, நாட்டைக் கவரும் சூழ்ச்சி என முறையிடுகின்றான். நியாயம் நின்று, முறைமன்றத்திற் கோள் தொடங்குகின்றது. பாதிரிமார் ஜப்பானியரை மக்களாக மதியார், குருவாகவிடார் என்னும் குறையும் இங்கே வரும். 1601-ல் ஜப்பானியர் இருவர் குருப்பட்டம் பெற்றமையால் இக்குறை முழுதும் மெய்யன்று. எனினும் இருபதாண்டு உழைத்துச் சகோதரனாகவே நின்றவன் புண் அதில் தெரிகின்றது. அதற்கு இரங்கலாம். ஆனால் நூல் வெளிவந்த காலத்தை நோக்குக. 1614-ல் நாடெங்கும் கிறித்தவம் தடுக்கப்பட்டிருந்தது; நூல் வெளிவந்த இரண்டாண்டில், 1622 செப்டம்பர் 10-ஆம் நாள், நாகசாக்கியில் ஐம்பத்தைவர் எரித்தும் தலைகொய்தும் கொல்லப்பட்டனர். வாள் உருவி நிற்கும் அரசனை நோக்கி, இவன் நின் பகைவன் எனச் சுட்டுதல் வாதமாகாது. சமணர் கழுவேறிய செய்தியை எடுத்து நம்மை வினவுவாரும் உளர். அவர்க்கும், தண்டம் எப்பக்கத்தார் கையிற் செல்லினும் அது மெய்ப்பொருட்குச் சான்றன்று என்பதே யாம் கூறும் விடை. கிறித்தவம் மறுக்கப்பட்டது என்னும் அளவில் இந்நூலை நம்மவர் கொண்டாடப் புகுவராயின், அவர் ஏழாம் படியைப் படித்திலர்.

இனி, ஹபியானே ஜப்பானியர் இயல்புக்கு எடுத்துக்காட்டு என்னும் கூற்று நிற்குமா? அவன் காலத்திற்குப்பின் ஒவ்வொரு குடியும் பௌத்த கோயிலொன்றிற் பதிவுபெறல் வேண்டுமெனச் சட்டமாயிற்று. நாகசாக்கியில் ஆண்டுதோறும் கிறித்துவின் உருவை மக்கள் காலான் மிதிக்கச் செய்தனர். மிதித்து வீடு சென்று, மன்னிப்பு வேண்டி மன்றாடிய குடியானவர் உளர். குருவும் நூலும் இன்றி, மகவேந்திய கண்ணோன் வடிவில் மரியாளைக் கண்டு, பொருளறியா இலத்தீன் மந்திரங்களை வாய்வழியே மக்கட்கும் பெயரர்க்கும் ஓதுவித்தனர். 1865 மார்ச்சு 17-ஆம் நாள், பெத்திழான் என்னும் பிரெஞ்சுக் குரு நாகசாக்கியிற் புதிதாய்க் கட்டிய ஒவுரா கோயிலுக்கு உரகாமிச் சிற்றூரார் சிலர் வந்து, எம் நெஞ்சமும் நும் நெஞ்சமும் ஒன்றே என அவர் செவியிற் கூறி, மரியாளின் உருவம் யாண்டுள்ளது என வினவினர். தடை அப்பொழுதும் நீங்கிற்றன்று. அவ்வூரார் மூவாயிரத்து நானூற்றுவர் அளவினர் 1868 முதற் பல நாடுகளுக்குப் பெயர்த்து அனுப்பப்பட்டு, அறுநூற்றுவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1873-ல் தடைப் பலகைகள் எடுக்கப்பட்டபின்னரே எஞ்சினோர் ஊர் திரும்பினர். சேற்றுநிலம் என்றார் எண்டோ. அச்சேற்றிலே இருநூற்றைம்பதாண்டு ஒரு வேர் அழுகாதிருந்ததும் மெய்யே.

ஆனால் அவருள் ஒருசாரார் தடை நீங்கியபின்னும் உரோமச் சபையிற் சேர்ந்திலர். முன்னோர் ஒப்புவித்துப்போன முறையே எமக்கு அமையும் என நின்றனர். இகித்சுக்கித் தீவில் அவர் வழியினர் இந்நூற்றாண்டிலும் அம்முறையைப் போற்றுவர். அவரை எச்சமயத்திற் சேர்த்து எண்ணுவது? சபையார்க்கு அவர் முழுதும் கிறித்தவரல்லர். யமமோட்டோ கூறிய 'ஜப்பான் மதத்திற்கு' அவரே நல்ல சான்று எனலாம்போலும். எனினும் ஹபியானுக்கும் இவர்க்கும் வேற்றுமை பெரிது. அவன் கற்றவன்; மும்முறை நின்றவிடத்தினின்று பெயர்ந்தான். இவர் கல்லாதார், ஒன்றைப் பற்றி, பற்றியதன் பொருள் மறந்தும் கைவிட்டாரல்லர். ஒரு நாட்டார் இயல்பை இவ்விருவருள் ஒருவரைக் கொண்டு அளந்தாரது அளவை குறைவுடைத்தே.

'ஹா தாயுசு' 1973-ல் எலிசன் என்பாரால் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. 'மியோதெய் மோந்தோ'வின் பௌத்தப் பகுதி நெடுங்காலம் காணாமற்போயிருந்து 1972-ல் கண்டெடுக்கப்பட்டது. நூல் 2016-ல் ஆங்கிலமாயிற்று. பின்னையதை மட்டும் பௌத்தரும் முன்னையதை மட்டும் கிறித்தவரும் எடுத்தாளும் வழக்கம் இன்னும் உண்டு. தமிழில் எவரேனும் பெயர்க்க முன்வருவராயின், இரண்டனையும் ஒரே கட்டடத்தில் வெளியிடுதல் வேண்டும்.