மரிக்காரும் அரபாத்தும்

யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா 2015இல் தொடங்கியபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். நமது மண்ணின் தமிழ்ச் சினிமா 1962இல் 'சமுதாயம்' என்ற படத்துடன் தொடங்கியது. 1977இல் தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி', அடுத்த ஆண்டில் செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' என்று மெல்ல எழுந்து நிற்கப் பார்த்தது. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. பிறகு யுத்தம். இத்தனைக்கும் பின் யாழ்ப்பாணத்தில் ஒரு திரைப்பட விழா, அதுவும் அனோமா ராஜகருணா என்ற சிங்களப் பெண் நெறியாளரின் முன்னெடுப்பில் நடைபெறுகிறதென்றால் அது வெறும் கேளிக்கை அல்ல.

ஆனால் இவ்வாறான விழாக்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'மண்வாசனை', 'உள்ளூர்ப் பண்பாடு' என்ற சொற்கள் தாராளமாகப் புழங்குகின்றன. அந்த மண்ணில் நமக்குரிய இடம் எவ்வளவு? திரையில் நாம் யாராக இருக்கிறோம்? இதை யோசிக்கும்போது இரண்டு உருவங்கள்தாம் என் முன் வந்து நிற்கின்றன.

முதலாமவர் மரிக்கார். 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற வானொலி நாடகம் பட்டிதொட்டியெங்கும் புகழ்பெற்று, 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாயிற்று. மரிக்காராக நடித்த ராமதாஸ் பின்னர் மரிக்கார் ராமதாஸ் என்றே அழைக்கப்பட்டார். நமது பேச்சுத் தமிழை ஒலிவாங்கிக்கு முன் கொண்டுவந்த பெரும் கலைஞர் அவர். அதில் எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால் இலங்கைத் தமிழ்ச் சினிமாவில் நினைவில் நிற்கும் ஒரு முஸ்லிம் பாத்திரத்தைச் சொல்லுங்கள் என்றால் சிரிக்க வைக்க வந்த ஒருவரைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாமவன் அரபாத். பிரசன்ன விதானகேயின் 'இர மதியம' (2003) படத்தில் வரும் 11 வயதுச் சிறுவன். காணாமற்போன விமானி கணவனைத் தேடும் ஒரு சிங்களப் பெண், விடுமுறையில் அனுராதபுரத்தின் விபசார விடுதியொன்றில் தன் சகோதரியைக் கண்டுவிடும் ஓர் இளம் இராணுவவீரன், புலிகளால் வெளியேற்றப்படும் வடபுல முஸ்லிம் குடும்பமொன்றின் சிறுவன் என மூன்று கதைகள் படத்தில் இணையாக ஓடுகின்றன. சிறுவனின் கவலையெல்லாம் தன் நாயை எப்படிக் கூட்டிச் செல்வது என்பதுதான். 1990 ஒக்டோபரில் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அதனை முழுநீளத் திரைக்குக் கொண்டுவந்து என் கண்ணில் பட வைத்தவர் ஒரு சிங்கள நெறியாளர். நாம் கவிதை எழுதினோம், சிறுகதை எழுதினோம், மலர் வெளியிட்டோம். கமராவைத் தொடவில்லை.

இந்தப் படத்தை எங்கள் கிராமத்தில் ஒரு நண்பரின் வீட்டு விறாந்தையில் போட்டுக் காட்டினேன். இருபது பேரளவில் வந்தனர். பாதிப்பேர் மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து கரையேறிய குடும்பங்கள். தமிழ் உபதலைப்பு இல்லாத பிரதி என்பதால் சிங்கள வசனம் வரும்போதெல்லாம் டீவீக்குப் பக்கத்தில் நின்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாடம் நடத்திப் பழகிய தொண்டை அன்று உதவியது.

நாய் வந்தவுடனே சிரிப்பு எழுந்தது. "எங்கட வாப்பா நாய் வளத்திருந்தா ஊருல தண்ணி கூட குடிச்சிருக்க மாட்டாங்க சேர்" என்றார் அறுபதைத் தாண்டிய ஒரு தாய். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமது வீடுகளில் நாய் படியேறுவதில்லை என்பதை நெறியாளர் அறியாதவரா, அறிந்தே சிறுவனைத் தனிமைப்படுத்தினாரா என்று நான் நெடுநேரம் யோசித்தேன். நாயை நேசிக்கும் பிள்ளைகள் நம்மிடமும் உண்டு, ஒளித்துச் சோறு போடுகிறார்கள். எனினும் வெளியிலிருந்து பார்க்கும் கண் எளிதில் இரக்கம் பிறக்கும் ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டது என்றே எனக்குப் பட்டது. நம்மவர் ஒருவர் எழுதியிருந்தால் அந்த இடத்தில் வேறேதோ இருந்திருக்கும்.

என்ன இருந்திருக்கும் என்பதற்கு அந்தத் தாயே விடை வைத்திருந்தார். அரபாத்தும் நாயும் வரும் பிற்பகுதிக் காட்சியொன்றில் எல்லோரும் மௌனமாய் இருக்க, யாருக்கும் சொல்லாமல் தனக்குள் சொன்னார்: "எங்கட வாப்பாக்கு சைக்கிள்." அவ்வளவுதான். பிறகு ஒருவர் ஆட்டைச் சொன்னார், ஒருவர் தையல் மெசினைச் சொன்னார். படத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. குளிரூட்டிய மண்டபத்தில் வரவேற்புரையும் பொன்னாடையும் முடிந்து, கலந்துரையாடலுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கும் விழாவில் இது நடந்திருக்குமா? சந்தேகந்தான். பெருவிழாவைவிட விறாந்தை ஒரு படத்துக்கு அதிகம் செய்யும் என்பது என் அபிப்பிராயம்.

விழா என்பது தெரிவு. எதைக் காட்டுவது என்பதோடு எதைக் காட்டாமல் விடுவது என்பதும் அதில் அடங்கும். ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' 2017இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. தமிழ் இயக்கங்கள் தமக்குள்ளே செய்த கொலைகளைப் பேசும் ஆவணப்படம் அது. 2018இல் யாழ்ப்பாண விழாவின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்றிருந்தும், எதிர்ப்பு எழவே திரையிடல் கைவிடப்பட்டது. பிரசன்னவின் 'புரஹந்த களுவர'வை 2000ஆம் ஆண்டில் அரசாங்கம் தடுத்தபோது கொதித்தெழுந்தோம். உச்ச நீதிமன்றம் வரை சென்றே அப்படம் வெளிவந்தது. அரசு தடுத்தால் தணிக்கை, நம்மவர் தடுத்தால் சமூக உணர்வு என்பது என்ன நியாயம்?

இதை எழுதிவிட்டுச் சற்று நிம்மதியாக இருக்கலாம் என்றால், அதே கேள்வி நம் பக்கம் திரும்புகிறது. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சூபி வழியினர் தாக்கப்பட்டனர். தாக்கிய குழுவின் தலைவன் ஸஹ்ரான் இரண்டு ஆண்டுகளின் பின் 2019 ஏப்ரலில் என்ன செய்தான் என்பதை உலகம் அறியும். அந்த 2017ஐப் பற்றி நம் இளைஞர் ஒருவர் நேர்மையாக ஓர் அரைமணிநேரப் படம் எடுத்தால், நமது ஊர்களில் எந்த மண்டபத்தின் கதவு திறக்கும்? பள்ளிவாசல் நிர்வாகத்தைக் கேட்காமல் எத்தனை பேர் வந்து அமர்வார்கள்? முப்பது ஆண்டுகளாக நம்மைப் பற்றிப் பிறர் பேசவில்லை என்று முறையிடுகிறோம். நம்மைப் பற்றி நாம் பேசுவதற்கு எவ்வளவு இடம் வைத்திருக்கிறோம்?

சினிமா ஹராம் என்ற வாதம் எனக்குத் தெரியாததல்ல. அதை எள்ளி நகையாடுவதும் என் நோக்கமல்ல. மலபார் முஸ்லிம்களுக்கும் அதே வாதம் இருந்தது. அங்கே ஸலாம் கொடியத்தூர் போன்றோர் தமது வரம்புகளுக்குள் நின்றுகொண்டே வீட்டுத் திரைப்படங்கள் எடுத்து, குறுந்தட்டில் குடும்பங்களிடம் கொண்டுசேர்த்தனர். கலைத்தரம் அப்படியொன்றும் உயர்ந்ததல்ல. ஆனால் அந்தச் சூழலின் சங்கடங்களையே கதையாக்கி ஸகரியா முஹம்மது 2020இல் 'ஹலால் லவ் ஸ்டோரி' எடுத்தார். மார்க்கப் பற்றுள்ளவர்கள் படமெடுக்கத் தடுமாறுவதைக் கேலியும் பரிவுமாகச் சொல்லும் படம் அது. அங்கே தடுமாறியாவது இருக்கிறார்கள்.

விறாந்தையில் படம் முடிந்த பின்பும் யாரும் எழுந்து போகவில்லை. இரண்டு பையன்கள் அந்தத் தாயிடம் சைக்கிளைப் பற்றிக் கேட்டுக் கையடக்கத் தொலைபேசியில் பதிவு செய்தனர். றலி சைக்கிளாம், முன்னால் விளக்குப் பூட்டியதாம். வெளிச்சம் போதவில்லை, நாய் குரைக்கும் சத்தமும் பதிவாகியிருக்கிறது. அடுத்த மாதம் 'கோமாளிகள்' படத்தைக் காட்ட வேண்டுமென்று ஒரு நல்ல பிரதிக்காக அலைந்துகொண்டிருக்கிறேன். மரிக்காரைப் பார்த்து அவர்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.