கூட இருக்க ஆள்

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமம் சோதனைக்கு உள்ளானது. அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் மனு போடப்பட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. உரிய அனுமதியின்றி நடந்த அந்த இல்லத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். அடி உதை, பாலியல் வன்முறை எனக் குற்றச்சாட்டுகள் குவிந்து, வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. மக்களின் கோபம் நியாயமானது. ஆனால் அத்தனை பேர் அங்கே போய்ச் சேரும்படி பராமரிப்புக்கான மற்ற வழிகள் ஏன் அடைபட்டிருந்தன என்பதை யாரும் நின்று கேட்கவில்லை.

அந்த வழிகளை ஒரே அளவுகோலால் பார்க்கிறேன்: நோயாளியின் பக்கத்தில் எத்தனை மணி நேரம் ஆள் இருக்கிறது, அதற்காக யாருடைய கூலி போகிறது?

முதியோர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 1,200 ரூபாய். எண்பது வயதுக்குக் கீழே இருப்பவருக்கு அதில் ஒன்றிய அரசின் பங்கு வெறும் 200. மருமகளிடம் கையேந்தாமல் ஒரு கிழவி வெற்றிலை பாக்கு வாங்குவது பெரிய காரியம். அந்தப் பணத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நூறுநாள் வேலைக்கு 2024-25இல் அறிவித்த கூலி 319 ரூபாய். உதவித்தொகை நான்கு நாள் கூலிக்குக்கூட ஈடாகாது.

காப்பீட்டில் தொகை பெரிது: முதலமைச்சர் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம். இடுப்பெலும்பு முறிந்தால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்துவிடும். வீடு திரும்பியபின் தூக்கிவிடவும் கழிப்பறைக்குக் கூட்டிப்போகவும் வருகிற ஆளுக்கு அந்த ஐந்து லட்சத்தில் ஒரு ரூபாயும் கிடையாது.

இருப்பதில் சிறந்தது 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். மாத்திரை வீடு தேடி வருகிறது; இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வருகிறார்கள். ஆனால் ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு செவிலியர். மரக்காணம், மயிலம், ஒலக்கூர் பக்கத்துக் கிராமங்களில் படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப்போடக் கற்றுக்கொடுத்துவிட்டு அவர் அடுத்த ஊருக்குப் போகவேண்டும். இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டுமே, அதை யார் செய்வது? வேலையை விட்ட மகள்தான். அவள் இழக்கும் கூலி எந்தத் திட்டத்தின் செலவுக் கணக்கிலும் வருவதில்லை.

சட்டமும் இருக்கிறது. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்ட அளவிலான தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை பிள்ளைகளைத் தரச்சொல்லலாம். விழுப்புரம், திண்டிவனம் இரண்டுமே வருவாய்க் கோட்டங்கள் என்பதால் மனுவோடு தூரம் அலையவேண்டாம். வசதியிருந்தும் கைவிட்ட மகனுக்கு இது சரியான கடிவாளம். அன்றாடம் கூலிக்குப் போகிற மகனிடம் அது எதை வாங்கித்தரும்?

அதே சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாக 150 பேருக்கான இல்லங்களையும் பேசுகிறது, கட்டாயமாக்காமல். முதல் பணத்தை அரசு அதில் போடக்கூடாது என்பதே என் தீர்ப்பு. உறவுக்காரர் கண்ணில் படாத பெரிய இல்லத்துக்குள் என்ன நடக்கலாம் என்பதைக் குண்டலப்புலியூர் காட்டிவிட்டது. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒருவருக்கு அரைநாள் வீதம் இரண்டு வீடுகளை ஒப்படைக்கட்டும். அதே 319 ரூபாயில் மாதம் 26 நாளுக்கு ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு 4,147. தீர்ப்பாயத்தின் உச்சவரம்பில் பாதிகூட இல்லை. மகளும் அந்த அரைநாள் வேலைக்குப் போகலாம்.

யாருமற்றவர்களுக்கும், வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத கடும் மனநோய் உள்ளவர்களுக்கும் இல்லம் தேவைதான். அது சிறியதாக, ஊருக்குள் இருக்கட்டும். சேர்க்கப் போகிறவர்கள் கட்டணம் கேட்பதற்கு முன் பதிவுச் சான்றிதழைக் கேட்கவேண்டும். இரவில் எத்தனை பேர் பணியில் இருப்பார்கள், நினைத்தபோது வந்து பார்க்கலாமா என்றும் கேட்கவேண்டும். ‘சொல்லிவிட்டு வாருங்கள்’ என்று பதில் வந்தால், இலவசமே ஆனாலும் அந்த இடம் வேண்டாம்.