யார் அடிக்க, யார் கேட்க

கூடி நின்று பறையடித்தால் மன இறுக்கம் தளரும், மனிதர் மனிதரோடு நெருங்குவர் என்று நகரத்துப் பயிலரங்குகளில் சொல்கிறார்கள். பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ராபின் டன்பர் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, பாடியவர்க்கும் ஆடியவர்க்கும் கொட்டியவர்க்கும் வலி தாங்கும் எல்லை உயர்ந்ததையும், சும்மா கேட்டுக்கொண்டிருந்தவர்க்கு உயராததையும் காட்டுகிறது. என் அக்கறை இந்த இரண்டாம் பாதியில்தான். நம்மிடையே அடித்தவர் யார், கேட்டவர் யார்?

போடிநாயக்கனூர்ச் சரிவில் வைத்து இதை யோசிக்கலாம். தெய்வம், உணவு, மரம், புள் இவற்றோடு பறையையும் நிலத்தின் கருப்பொருளாகச் சொல்கிறது தொல்காப்பியம். குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை என்பது உரைகாரர் கணக்கு. இன்று இந்தக் குறிஞ்சியின் கருப்பொருள் ஏலம். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறி, கேரளத்துத் தோட்டங்களில் செடியின் தூரடியில் குனிந்து காயெடுக்கும் பெண்களுக்குத் தாளம் எது? ஜீப்பில் டிரைவர் போடுகிற சினிமாப் பாட்டு. அதையும் அவர்கள் கேட்கிறார்கள், அவ்வளவுதான். (காய் விலைபோகிற இடத்தில்கூட இப்போது ஏலம் கூவும் குரல் இல்லை, கணிப்பொறி முன் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறார்கள்.)

'அலுப்புத் தெரியாமலிருக்கப் பாடினார்கள்' என்று நாட்டுப்புறவியல்காரர்கள் எழுதுவது ஒரு வாய்ப்பாடாகிவிட்டது. அலுப்பு தெரியாதிருந்தால் யாருக்கு லாபம் என்று அவர்கள் கேட்பதில்லை. இலங்கை மலையகத் தோட்டங்களில் தொழிலாளியை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு விரட்டியது தப்பு. சி. வி. வேலுப்பிள்ளையின் ஆங்கில நெடுங்கவிதை, 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே', விடிவதே அந்த ஓசையில்தான். மாசியில் காமன் கூத்துக்கு அதே லயத்து ஜனங்களை ஆடவைத்ததும் தப்புதான். ஒரே தோல் வேலைக்கும் விரட்டியது, வேலையை மறக்கவும் வைத்தது. ஓசையின் குணம் அதை யார் ஏவினார்கள் என்பதிலும் இருக்கிறது.

ஊர்ப்பறையின் கதை இன்னும் கசப்பானது. சாவுக்கும் சாமிக்கும் ஊர் கூடிக் கேட்டது. ஊர் கூடி அடித்ததில்லை. அடித்தவன் சேரிக்குத் திரும்பினான். அது அவன் தொழிலல்ல, அவன்மேல் சுமத்தப்பட்ட கடமை. மறுத்தால் அடியும் விலக்கும். இதை மறைத்துவிட்டுப் பறையை 'ஆதித் தமிழனின் இதயத் துடிப்பு' என்று படிமமாக்குகிற நம் கவிஞர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. அந்தப் படிமம் கேட்பவன் செய்தது.

போடி ஜமீன் இராஜகம்பளத்தாருடையது. தேவதுந்துபிக்கு அவர்கள் ஆடும் தேவராட்டத்தில் பாட்டு இல்லை; அடவே எல்லாம். உறுமியின் ஒரு முகத்தைக் குச்சியால் தேய்க்கையில் எழும் முனகலுக்கு அத்தனை உடம்பும் ஒன்றாக வளைகிறது. நெருக்கம் என்றால் பூரண நெருக்கம். ஆனால் வட்டத்தின் விட்டம் சாதியளவு. கல்லூரிப் பிள்ளைகள் மேடையில் ஆடத் தொடங்கிய பிறகே வட்டம் கொஞ்சம் அகன்றது.

எனவே, 1990இல் திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டியதை நான் பெரிய நிகழ்வாக எண்ணுகிறேன். இழவு வீட்டுக்கு ஆள் அனுப்பி அவர்களை அழைக்கவில்லை, அவர்களே எடுத்தார்கள். பறையில் ஆணுக்கிருந்தது இழிவு, பெண்ணுக்கு அதுவும் மறுக்கப்பட்டிருந்தது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் விருது கேட்பவர் கொடுப்பது.

இனி அந்த நகரத்துப் பயிலரங்கு. அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் எல்லாச் சாதிக் கையிலும் கொடுக்கிறார்கள். அதை நான் கேலி செய்யமாட்டேன். கேட்டுக்கொண்டே இருந்த வர்க்கம் முதல்முறையாக அடிக்கிறது. என் சந்தேகம் கருவியைப் பற்றியது. கன்றுத் தோல் ஈரத்தில் தொய்ந்துவிடும். மலைப் பனியில் சொல்லவே வேண்டாம். வைக்கோல் தீ மூட்டி, சுற்றி உட்கார்ந்து, பேசிக்கொண்டே காய்ச்ச வேண்டும். தட்டிப் பார்த்து மறுபடி காய்ச்ச வேண்டும். ஃபைபர் முகம் போட்ட பறைக்குத் தீ வேண்டாம், செத்த மாட்டின் நினைவும் வேண்டாம். பையிலிருந்து எடுத்ததும் அடிக்கலாம், ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம்.