புல் வளராத மாதங்கள்

கோல்ஃபை வெயில்கால ஆட்டம் என்று நாம் நினைப்பதற்குத் தொலைக்காட்சிதான் காரணம். பெரிய போட்டிகளில் பெரும்பாலானவை கோடையை ஒட்டியே நடக்கின்றன. நீல வானமும் பச்சைத் தரையுமாகவே அந்த ஆட்டம் நம் கண்ணில் பதிந்துவிட்டது. ஆனால் அது வளர்ந்து ஆளான ஸ்காட்லாந்துக் கடற்கரையில் நெடுங்காலம் குளிர்காலத்தில்தான் அதிகமாக ஆடினார்கள். எல்லாம் புல் செய்த வேலை. எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர் புல்வெட்டும் எந்திரத்தை உருவாக்கியது 1830இல். அதற்கு முன் கடலோரப் புல்வெளியை ஒட்டக் கத்தரித்து வைத்தவை ஆடுகளும் முயல்களும்தான். கோடையில் அவை மேய்கிற வேகத்தைப் புல் வளர்கிற வேகம் மிஞ்சிவிடும். பந்தை அடிப்பதைவிடத் தேடுவதே பெரும்பாடு. குளிர் இறங்கிப் புல் வளர்ச்சி அடங்கிய பிறகுதான் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

இன்று நிலைமை தலைகீழ். அக்டோபர் பிறந்ததும் வடதேசத்து ஆட்டக்காரர்களைக் கவலை பிடித்துக்கொள்கிறது. நாலைந்து மாதம் சரியாக ஆட முடியாது, கை மறந்துபோய்விடுமே! கை மறக்காமல் இருக்க அவர்கள் செய்கிற காரியங்களைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால் ஒன்று புலப்படும். குளிர்காலம் இந்த ஆட்டத்திடமிருந்து தூரத்தைப் பறித்துக்கொள்கிறது. தூரத்தின் ஆரவாரம் அடங்கியதும், அதுவரை அதன் பின்னால் மறைந்திருந்த நுணுக்கங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன.

செயின்ட் ஆண்ட்ரூஸையே எடுத்துக்கொள்வோம். கோல்ஃபின் தாய்வீடு என்று சொல்லப்படும் ஓல்டு கோர்ஸ் அங்கேதான் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அந்த ஊரில் பகல் ஏறக்குறைய 7 மணி நேரம்தான். காலை எட்டே முக்கால் வாக்கில் எழும் சூரியன் பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் போய்விடும். நடுப்பகலிலும் உச்சிக்கு வராமல் தெற்கே தாழ்ந்து, அடிவானத்துக்குச் சற்று மேலேதான் நிற்கும். ஆடுகிறவருக்குக் கண் கூசும். ஆனால் அந்தச் சாய்ந்த ஒளி ஒரு நல்ல காரியமும் செய்கிறது. கோடை நண்பகலில் தட்டையாகத் தெரிகிற தரையின் சின்னச் சின்ன மேடு பள்ளங்களையெல்லாம் நிழலால் கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. அலை அலையாக ஏறி இறங்கும் அந்தத் தரைதான் ஓல்டு கோர்ஸின் அழகு, ஆபத்தும் அதுவே. அதை முழுசாகப் படிக்க வேண்டுமானால் டிசம்பரில்தான் போக வேண்டும்.

நவம்பர் தொடங்கி மார்ச் முடிய அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஃபேர்வே எனப்படும் நடுப் பாதையில் பந்து விழுந்தால், விழுந்த இடத்திலிருந்தே அடிக்க முடியாது. கையோடு கொண்டுபோகிற சின்னச் செயற்கைப்புல் விரிப்பைப் போட்டு, அதன்மேல் பந்தை வைத்து அடிக்க வேண்டும். அடித்த பிறகு விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். புல் வளராத காலத்தில் மட்டை பட்டுப் பெயர்ந்த மண் ஆறவே ஆறாது என்பதால் இந்த ஏற்பாடு. ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் காது கூர்மையானவருக்கு அந்த விரிப்பு ஒரு நல்ல வாத்தியார்.

மட்டை பந்துக்கு ஓர் அங்குலம் பின்னால் தரையில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புல்தரையில் மண் பெயர்ந்து மட்டையின் வேகம் செத்துப்போகும். பந்து பாதி வழியில் விழுந்துவிடும். செய்த தப்புக்கு உடனடி தண்டனை. விரிப்பில் அப்படி நடப்பதில்லை. மட்டையின் அடிப்பாகம் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைச் சந்திக்கும். பந்தும் பார்ப்பதற்கு ஒழுங்காகவே பறக்கும். கண் ஏமாந்துவிடும். காது ஏமாறாது. பந்தை முதலில் தொட்ட அடி ‘டக்’கென்று ஒற்றை ஒலியாகத் தெறிக்கும். தரையை முதலில் தொட்ட அடியில் அதற்கு முன்னால் ‘தப்’பென்று ஒரு மந்தமான ஒலி ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் இடையில் இமைக்கிற நேரம்கூட இல்லை. காற்று அடங்கிய குளிர்காலக் காலையில், ஆள் நடமாட்டமும் குறைவாக இருக்கும்போது, அந்த வித்தியாசம் துல்லியமாகக் கேட்கும். பந்து எங்கே போகிறது என்று பார்க்காமலே அடி எப்படி என்று சொல்லிவிடக்கூடிய செவி, குளிர்காலம் தருகிற முதல் வரம்.

அடுத்தது பொறுமை. மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில் விடிகாலைப் புல் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு உறைபனியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வெள்ளை படிந்த காலையில் பல மைதானங்கள் கதவைத் திறக்காது. உறைந்த புல்லிதழுக்குள் இருக்கும் நீரும் இறுகியிருக்கும்; அதன்மேல் காலை வைத்தால் உள்ளே செல்சுவர்கள் நொறுங்கிப்போகும். அந்த நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்து, மிதித்த இடமெல்லாம் பழுப்பு நிறத்தில் காலடித் தடமாக எழுந்து நிற்கும். வளர்ச்சி இல்லாத பருவத்தில் அந்த வடு வாரக்கணக்கில் மறையாது. அதனால்தான் குழி இருக்கும் கிரீன் பகுதியைப் பூட்டிவிட்டு, ஃபேர்வேயிலேயே ஓரிடத்தை ஒட்ட வெட்டித் தற்காலிகக் குழி போட்டுத் தருகிறார்கள். அதில் பந்து தத்தித் தத்தி ஓடும். அதையும் பொறுத்துக்கொண்டு ஆடுகிறவர்தான் அசல் ரசிகர்.

தரைக்கும் ஓய்வு வேண்டும் என்ற எண்ணம் செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்று நேற்று வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓல்டு கோர்ஸைப் பராமரித்த ஓல்டு டாம் மோரிஸ், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை அனுமதிக்கவில்லை. ஆடுகிறவர்களுக்கு ஓய்வு தேவைப்படாவிட்டாலும் மைதானத்துக்குத் தேவை என்பது அவர் கட்சி. இன்றும் ஞாயிறுகளில் அங்கே வழக்கமான ஆட்டம் கிடையாது. ஊர்மக்கள் உலாவப் போகிறார்கள். அவருடைய மகன் யங் டாம் மோரிஸ் நான்கு முறை தொடர்ச்சியாக ஓப்பன் கோல்ஃப் போட்டியின் பட்டத்தை வென்றவர். மனைவியைப் பறிகொடுத்த சில மாதங்களில், 1875ஆம் ஆண்டின் கடுங்குளிரில், அந்த மைதானத்தில் ஆர்தர் மோல்ஸ்வொர்த் என்பவரோடு பந்தயம் கட்டிப் பல நாள் ஆடினார். கிரீன்களில் கிடந்த பனியைக் கூட்டித் தள்ளிவிட்டு ஆடி ஜெயித்தார். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், 24 வயதில், இறந்துபோனார். குளிர்கால கோல்ஃப் பொழுதுபோக்கு மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு அந்தக் கதை போதும்.

குளிரில் பந்து ஏன் தூரம் போவதில்லை என்பதும் ருசியான விஷயம். பந்தின் உள்ளே இருக்கும் ரப்பர் குளிர்ந்தால் துள்ளல் குறைகிறது. காற்றும் கனத்துவிடுகிறது. அதே அழுத்தத்தில் 25 டிகிரி செல்சியஸ் காற்றைவிட 0 டிகிரி காற்று ஏறக்குறைய 9 சதவீதம் அடர்த்தி கூடியது. போதாக்குறைக்கு நாலடுக்குக் கம்பளிச் சட்டைக்குள் தோள் முழுசாகத் திரும்புவதில்லை. சரி, பந்தைக் கொஞ்சம் சூடாக்கிக்கொண்டால்? விதிப் புத்தகம் அதையும் யோசித்து வைத்திருக்கிறது. வேண்டுமென்றே சூடாக்கிய பந்தை அடித்தால் போட்டியிலிருந்தே நீக்கம். கையைச் சூடாக்கிக்கொள்ளத் தடையில்லை. ஆளுக்கு இரக்கம் உண்டு, பந்துக்குக் கிடையாது என்று கோடு கிழித்த அந்தப் புத்திசாலித்தனத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

அதே விதிகளில் இன்னோர் இடத்தில் இரக்கம் அங்குலக் கணக்கில் அளந்து தரப்படுகிறது. ஈரமும் சேறுமான மாதங்களில் உள்ளூர் விதி ஒன்றை மைதானங்கள் அமல்படுத்தலாம். ஃபேர்வேயில் கிடக்கும் பந்தை எடுத்துத் துடைத்து, நல்ல இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு தூரம் தள்ளி? பிரிட்டனில் வழக்கமாக 6 அங்குலம், ஒரு சாணுக்கும் குறைவு. அதுவும் குழிக்குப் பக்கமாக நகரக் கூடாது. ஒரு தரம் வைத்தால் வைத்ததுதான். இந்தச் சலுகையைக் கையாளும் விதத்திலேயே ஆளின் குணம் தெரிந்துவிடும். சிலர் பந்தை ஒரு புல்நுனியின் மேல் நிமிர்த்தி உட்கார வைக்கப் படாதபாடு படுவார்கள். சிலர் துடைத்து அதே இடத்தில் போட்டுவிட்டு அடித்துவிடுவார்கள்.

வெளியே இருட்டிவிட்டால் ஆட்டம் வீட்டுக்குள் வருகிறது. கூடத்தில் விரித்த கம்பளம், ஒரு பட்டர், அதாவது பந்தை உருட்டிவிடும் மட்டை, படுக்க வைத்த ஒரு கண்ணாடித் தம்ளர். வட நாடுகளில் தலைமுறை தலைமுறையாக நடக்கிற சாதகம் இது. இதில் ஒளிந்திருக்கும் கணக்கைப் பாருங்கள். கோல்ஃப் குழியின் விட்டம் 4.25 அங்குலம். தம்ளரின் வாயோ 3 அங்குலம் இருந்தால் அதிகம். பந்தின் விட்டம் குறைந்தது 1.68 அங்குலம். குளிர்காலம் முழுக்கத் தம்ளரைக் குறிவைத்துப் பழகியவருக்கு வசந்தத்தில் நிஜமான குழி கிணறு மாதிரி தெரியும்.

இன்னொன்று. பத்தடி தூரத்திலிருந்து உருட்டுகிற பந்து, குறியிலிருந்து ஒரே ஒரு டிகிரி விலகிப் புறப்பட்டால், குழியை எட்டும்போது ஏறத்தாழ 2.1 அங்குலம் தள்ளிப்போயிருக்கும். குழியின் பாதி அகலம் 2.125 அங்குலம். அதாவது மெல்ல உயிர்விட்டு வந்து சேர்ந்த பந்து விளிம்பில் தயங்கி உள்ளே விழும். கொஞ்சம் வேகத்தோடு வந்த பந்து விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே ஓடிவிடும். ஒரு டிகிரிக்கும் மன்னிப்பு உண்டு, ஆனால் நிதானமாக வருபவருக்கு மட்டும். கம்பளத்தில் மாதக்கணக்கில் உருட்டுகிறவர் பழகுவது திசையை மட்டும் என்று தோன்றும். அவர் கை உண்மையில் கற்றுக்கொள்வது அந்தக் கடைசி அடியின் வேகத்தை.

முழு வீச்சுக்கும் வீட்டுக்குள் வழி இருக்கிறது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொடுத்த ஹார்வி பெனிக், 1992இல் வெளிவந்த தன் சின்னச் சிவப்புப் புத்தகத்தில் மிக மெதுவாக மட்டையை வீசிப் பார்க்கும்படி சொல்லியிருக்கிறார். பந்தே வேண்டாம். சங்கீதம் கற்பவர் ஒரு கீர்த்தனையை விளம்ப காலத்தில் பாடிப் பார்ப்பது போலத்தான் இதுவும். வேகத்தில் மூடி மறைத்துவிடலாம் என்றிருந்த பிசிறெல்லாம் வெளியே வந்துவிடும். மட்டை உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கும்போது முதலில் அசைவது எது, இடுப்பா, தோளா, கையா? வேகமாக வீசும்போது யாருக்கும் தெரியாது. பத்து வினாடி எடுத்துக்கொண்டு வீசும்போது, எடை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறும் கணத்தைப் பாதத்தால் உணரலாம். கண்ணாடி ஜன்னல் உடையும் பயமும் இல்லை.

பனி கொட்டிக் கிடந்தாலும் வெளியே போய்த்தான் தீருவேன் என்றவர்களும் உண்டு. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ஹென்ட்ரிக் அவர்காம்பின் உறைந்த கால்வாய்க் காட்சிகளில், சறுக்கி விளையாடும் கூட்டத்துக்கு நடுவே, வளைந்த மட்டையோடு பந்தைக் குறிபார்த்து நிற்பவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு தனி இன்பம். பம்பாயில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங் 1892 முதல் 1896 வரை அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் குடியிருந்தார். ‘ஜங்கிள் புக்’ கதைகளை எழுதிய அந்த வீட்டுக்கு வெளியே, பந்துகளுக்குச் சிவப்புச் சாயம் பூசி வெண்பனியில் அடித்து விளையாடினார். கிரீன்லாந்தில் உம்மனாக் என்ற ஊரில் 1997இல் தொடங்கிய பனி கோல்ஃப் போட்டியில், உறைந்த கடல்மேல் பனிப்பாறைகளுக்கு இடையே பாதை போட்டார்கள். பச்சை இல்லாத அந்த ஊரில் ‘கிரீன்’ என்ற பெயர் ஒட்டாது என்று அதை ‘ஒயிட்’ ஆக்கிவிட்டார்கள்.

இத்தனை பாடுபட்டு என்ன மிச்சம் என்று ஏப்ரலில் கேட்கலாம். தூரம் தானாகவே திரும்பி வந்துவிடும். வெயில் ஏறினால் போதும், அதற்கு யாருடைய முயற்சியும் வேண்டாம். குளிர்காலம் ஆடியவரை அடையாளம் காண வேறொரு வழி இருக்கிறது. கிரீனுக்கு இருபது கெஜம் முன்னால் பந்து கிடக்கிறது. தரை கெட்டி, நடுவில் ஒரு சின்ன மேடு. மற்றவர்கள் பந்தை உயரத் தூக்கிப் போடும் மட்டையை யோசிக்காமல் உருவுவார்கள். உறைந்த தரையில் பந்து எப்படித் துள்ளி ஓடிவிடும் என்று மாதக்கணக்கில் பார்த்தவர் பட்டரை எடுப்பார். மேட்டின் எந்தப் பக்கம் சரிவு என்று ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, பந்தைத் தரையை விட்டு எழும்ப விடாமல் உருட்டுவார். அது குழிக்கு ஓரடி தள்ளி நின்றால் கைதட்ட ஆள் இருக்காது. அந்த ஓரடிக்காகத்தான் ஐந்து மாதம்.