கல்ஃப் மோட்டார்ஸ்

மலையாளத்தில் 'வரவேல்பு' என்று ஒரு படம், 1989-ல் வந்தது. தமிழில் வரவேற்பு. சத்யன் அந்திக்காடு இயக்கம், ஸ்ரீனிவாசன் எழுத்து, மோகன்லால் நடிப்பு. பார்க்காதவர்கள் தேடிப் பார்த்துவிடுங்கள். பார்த்தவர்களோடு எனக்கு ஒரு சின்னச் சண்டை பாக்கி இருக்கிறது.

வளைகுடாவில் வருஷக்கணக்கில் உழைத்த முரளி, 'போதும்டா சாமி' என்று ஊர் திரும்பி, சேர்த்த காசில் ஒரு பஸ் வாங்குகிறான். பெயர் 'கல்ஃப் மோட்டார்ஸ்'. கண்டக்டர் வசூலில் கை வைக்கிறான். வேலையைவிட்டு நிறுத்தினால் யூனியன் கொடி பிடிக்கிறது. கடைசியில் பஸ்ஸை அடித்து நொறுக்குகிறார்கள்.

கேரளாவில் எவனும் தொழில் நடத்த முடியாது என்பதற்கு இந்தப் படத்தைத்தான் இன்னமும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். எனக்கென்னவோ யூனியன் காட்சிகள்தான் படத்தின் பலவீனம் என்று படுகிறது. தலைவர் முழு வில்லன், முதலாளி முழு அப்பாவி. பஸ் தொழிலின் அரிச்சுவடி தெரியாமல் அதில் இறங்கிய ஆசாமியிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் படம் அவனுக்காக அழுகிறது. தன் அப்பா பஸ் வாங்கி நொடித்துப்போன கதை இது என்று ஸ்ரீனிவாசனே சொல்லியிருக்கிறார். காயம் நிஜம்தான், ஆனால் கல்ஃபில் பட்ட காயம் அல்ல.

கல்ஃப் பணத்தின் அசல் கதை படத்தின் முதல் பகுதியில் இருக்கிறது. பெட்டியைத் திறக்கும்வரை என்ன உபசாரம்! 'நான் திரும்பிப் போகப்போவதில்லை' என்று தெரிந்ததும் வீட்டில் ஒவ்வொரு முகமாக மாறுவதைக் கவனியுங்கள். அங்கே வில்லன் கிடையாது. எல்லாம் சொந்த ரத்தம், நம்மைப் போன்றவர்கள். மாசாமாசம் பணம் வந்தால்தான் அவன் தம்பி. பஸ்ஸை உடைப்பதற்கு முன்பே ஆளை உடைத்தாயிற்று. இதற்கு எந்த யூனியன்மேல் பழிபோட முடியும், சொல்லுங்கள்?

தவிர, அந்தப் பணம் எல்லா இடத்திலும் தோற்றுவிடவில்லை. படம் வந்த பத்தாவது வருஷமே, 1999-ல், நெடும்பாசேரியில் கொச்சி விமான நிலையம் திறந்தாயிற்று. அரசாங்கத்தோடு ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மலையாளிகளும் பங்கு போட்டுக் கட்டியது. முரளி கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

இப்போது கேரளாவுக்கே ஆள் வருகிறது. பெரும்பாவூர் பிளைவுட் ஆலைகளில் வங்காளமும் அஸ்ஸாமியும்தான் காதில் விழும். 2013-ல் வந்த ஓர் ஆய்வு, வெளிமாநிலத் தொழிலாளர்கள் சுமார் 25 லட்சம் என்றது. 'வரவேல்பு'வை மறுபடி எடுப்பதானால், பெட்டி நிறையச் சாமானோடு முர்ஷிதாபாத் ஸ்டேஷனில் ஒருவன் இறங்குவதிலிருந்து தொடங்கலாம். அங்கேயும் ஓர் அண்ணி வாசலில் நிற்பாள்.